குழாயில் வளர்ந்த கிருமி

"சளி கல்ச்சரில் சூடோமோனாஸ் வளர்ந்திருக்கிறது."

குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் நாள்கணக்காக உட்கார்ந்திருக்கும் பெற்றோரின் காதில் விழும் வாக்கியங்களில் இதுவும் ஒன்று. பிள்ளையின் வாயில் குழாய், பக்கத்தில் வென்டிலேட்டர், ஐந்தாம் நாளோ ஆறாம் நாளோ காலைப்பொழுது. நேற்றுவரை "கொஞ்சம் முன்னேற்றம் தெரிகிறது" என்று சொல்லிவந்த மருத்துவர் இன்று ஒரு பாக்டீரியாவின் பெயரைச் சொல்கிறார். அந்தப் பெயரைச் செல்பேசியில் தேடிப் பார்க்கும் தகப்பனுக்குக் கிடைப்பது அச்சம் மட்டுமே. மருந்துக்கு அடங்காதது, மருத்துவமனையில் தொற்றுவது, உயிரைக் குடிப்பது என்று பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள்.

அந்த ஒரு வாக்கியத்தை விளக்கத்தான் இதை எழுதுகிறேன். கல்ச்சர் என்றால் மாதிரியை ஆய்வகத் தட்டில் வைத்து, அதிலுள்ள கிருமியை வளர்த்துப் பார்ப்பது. கிருமி வளர்ந்திருக்கிறது என்பதற்கும் கிருமி நுரையீரலைத் தாக்கியிருக்கிறது என்பதற்கும் நடுவில் வெகுதூரம் இருக்கிறது. குழாயோடு சில நாள் படுத்திருக்கும் பிள்ளையின் சளியில் ஏதோ ஒரு பாக்டீரியா வளர்வது ஏறக்குறைய எதிர்பார்க்க வேண்டியது. அதற்கு மருந்து கொடுக்க வேண்டுமா என்பது வேறு கேள்வி. ஆய்வகத் தாள் அந்தக் கேள்விக்குத் தனியாகப் பதில் சொல்லாது.

குழாய் வந்த வழி

மூச்சு முட்டும் குழந்தையின் குரல்வளைக்குள் குழாயை இறக்கிக் காப்பாற்றும் முறையை நிலைநாட்டியவர் நியூயார்க்கின் ஜோசப் ஓட்வயர். கைவிடப்பட்ட குழந்தைகளுக்கான காப்பகத்தில் மருத்துவராக இருந்தவர். தொண்டை அடைப்பான் என்று நம் ஊரில் சொல்லும் டிஃப்தீரியா அங்கே பிள்ளைகளை வரிசையாகக் கொண்டுபோய்க்கொண்டிருந்தது. தொண்டையில் படரும் படலம் காற்று போகும் வழியை அடைத்துவிடும். கழுத்தில் கீறி மூச்சுக்குழலில் துளையிடுவதுதான் அப்போதிருந்த வழி. அப்படிச் செய்தும் பெரும்பாலான பிள்ளைகள் பிழைக்கவில்லை. ஓட்வயர் விரலால் தடவிப் பார்த்து, கண்ணால் காணாமலே, சிறிய உலோகக் குழாயைக் குரல்வளைக்குள் இறக்கப் பழகினார். 1885-ல் தம் முறையை மருத்துவ உலகுக்கு எழுதினார். அந்தக் குழாய் உள்ளே இருந்தது சில நாள்கள். படலம் கரைந்ததும் எடுத்துவிடுவார்கள்.

நாள்கள் வாரங்களாக நீண்டது 1952-க்குப் பிறகு. அந்த ஆண்டு கோபன்ஹேகனை இளம்பிள்ளைவாதம் சூறையாடியது. பிளெக்டாம் மருத்துவமனையில் முதல் சில வாரங்களில் அன்றைய சுவாசப் பெட்டிகளில் வைக்கப்பட்ட 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். மயக்கவியல் மருத்துவர் பியோர்ன் இப்சன், பன்னிரண்டு வயதுச் சிறுமி ஒருத்தியின் கழுத்தில் துளையிட்டு, பலூன் வைத்த குழாயைப் பொருத்தி, தேங்கிய சளியை உறிஞ்சி எடுத்துவிட்டு, ரப்பர் பையைக் கையால் அழுத்தி நுரையீரலுக்குக் காற்றைச் செலுத்தினார். சிறுமி பிழைத்தாள். பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் பை அழுத்தினார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவு என்று இன்று நாம் சொல்வது அங்கே பிறந்தது. 1965-ல் மெல்பர்ன் குழந்தைகள் மருத்துவமனையின் மெக்டொனால்டும் ஸ்டாக்ஸும், கழுத்தைத் திறக்காமலே பிளாஸ்டிக் குழாயை மூக்கு வழியாகச் செருகிப் பல நாள் வைத்திருக்க முடியும் என்று காட்டினார்கள். பச்சிளங்குழந்தைக்கும் நீண்டநாள் வென்டிலேட்டர் சாத்தியமானது.

இன்று ஒரு பிள்ளை இரண்டு வாரம் வென்டிலேட்டரில் இருந்து மீண்டு வீட்டுக்குப் போகிறதென்றால், குழாயை அத்தனை நாள் உள்ளே வைத்திருக்கக் கற்றுக்கொண்டதே காரணம். பாக்டீரியாவுக்கு அங்கே குடியேற அவகாசம் கிடைத்ததும் அதனால்தான்.

சிறிய குழாய், பெரிய தடை

குழந்தையின் விஷயத்தில் குழாயின் அளவே ஒரு தனிப் பிரச்சினை. பெரியவர்களுக்கு 7.5 அல்லது 8 மி.மீ. உள்விட்டமுள்ள குழாய் போடுவார்கள். மாதம் நிறைந்து பிறந்த சிசுவுக்கு 3 அல்லது 3.5 மி.மீ. வளர்ந்த பிள்ளைக்கு ஒரு பழைய கணக்கு உண்டு: வயதை நான்கால் வகுத்து நான்கைக் கூட்டு. நான்கு வயதுப் பிள்ளைக்கு 5 மி.மீ. பலூன் வைத்த குழாய் என்றால் அரை மி.மீ. குறைத்துக்கொள்ள வேண்டும்.

குழாயின் வழியாகக் காற்று போவதற்கான தடை, ஆரம் குறையக் குறைய அதன் நான்காம் அடுக்கில் ஏறுகிறது. குழாயின் உள்சுவரில் சுற்றிலும் அரை மி.மீ. கனத்துக்குச் சளி படிகிறது என்று வைத்துக்கொள்வோம். 8 மி.மீ. குழாய் 7 மி.மீ. ஆகும், தடை சுமார் 1.7 மடங்காகும். 3.5 மி.மீ. குழாய் 2.5 மி.மீ. ஆகும், தடை ஏறக்குறைய 4 மடங்காகிவிடும். பெரியவரிடம் மானிட்டரில் சிறு மாறுதலாகத் தெரிவது சிசுவிடம் உயிர்ப் பிரச்சினை. செவிலியர் எத்தனை முறை சளியை உறிஞ்சி எடுக்கிறார், எவ்வளவு கவனமாக எடுக்கிறார் என்பது இங்கே மருந்துக்குச் சமமானது. இரவு இரண்டு மணிக்கு அந்த மெல்லிய குழலைக் கையில் எடுக்கும் செவிலியரை நம் மருத்துவமனைகள் போதிய எண்ணிக்கையில் நியமிப்பதில்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

பலூனைப் பற்றியும் சொல்ல வேண்டும். குழாயின் கீழ்முனையருகே ஊதப்படும் சிறு பலூன், மூச்சுக்குழலின் சுவரோடு ஒட்டிக் காற்றுக் கசிவைத் தடுக்கும். மேலிருந்து எச்சில் வழிந்து இறங்குவதையும் ஓரளவு தடுக்கும். எட்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பலூன் வேண்டாம், மூச்சுக்குழல் புண்ணாகிச் சுருங்கிவிடும் என்று பல பத்தாண்டுகள் பாடம் நடத்தினார்கள். 2009-ல் ஐரோப்பாவின் 24 மையங்களில், அறுவை சிகிச்சைக்கு வந்த 2,246 குழந்தைகளிடம் செய்த ஒப்பீடு அந்த அச்சத்தைக் கரைத்தது. குழாயை எடுத்த பிறகு மூச்சில் கீச்சொலி வந்தவர்கள் பலூன் குழாயில் 4.4 சதவீதம், பலூன் இல்லாததில் 4.7 சதவீதம். அளவு பொருந்தாமல் குழாயை மாற்ற நேர்ந்தது பலூன் குழாயில் 2.1 சதவீதம், மற்றதில் 30.8 சதவீதம். ஆனால் பலூனின் அழுத்தத்தை அளந்து பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். 20 முதல் 25 செ.மீ. நீர் அழுத்தத்தை மிகவும் தாண்டினால் சுவருக்குப் போகும் ரத்தம் குறையும். மிகவும் குறைந்தால் எச்சில் இறங்கும்.

எச்சில் இறங்கும் வழி

நலமாக இருக்கும் பிள்ளையின் மூச்சுப்பாதைக்குப் பல காவல்கள் உண்டு. மூக்கு காற்றை வடிகட்டி ஈரமாக்குகிறது. விழுங்கும்போது குரல்நாண்கள் மூடிக்கொள்கின்றன. தப்பி உள்ளே போனதை இருமல் வெளியே தள்ளுகிறது. அதற்கும் தப்பியதை, மூச்சுக்குழலின் உள்சுவரில் நெற்பயிர் அசைவதுபோல் ஓயாமல் அசையும் நுண்ணிழைகள் சளியோடு சேர்த்து மேலே ஏற்றித் தொண்டைக்கு அனுப்புகின்றன. குழாய் இந்த நான்கையும் ஒரே நேரத்தில் செயலிழக்க வைக்கிறது. காற்று மூக்கை ஒதுக்கிவிட்டுப் போகிறது. குரல்நாண்கள் குழாயைச் சுற்றித் திறந்தே கிடக்கின்றன. மயக்க மருந்தில் கிடக்கும் பிள்ளையால் இரும முடியாது. பலூன் உட்காரும் இடத்தில் நுண்ணிழைகளின் பாதை முட்டி நிற்கிறது.

மேலே வாயில் எச்சில் தேங்குகிறது. ஒரு மில்லிலிட்டர் எச்சிலில் பத்துக் கோடிக்கும் மேல் பாக்டீரியாக்கள் இருக்கும். பலூனின் மடிப்புகள் வழியாக அது துளித்துளியாக இறங்கும். எவ்வளவு நல்ல பலூனாக இருந்தாலும் இதை முற்றாக நிறுத்த முடியாது.

அந்த எச்சிலும் பழைய எச்சில் அல்ல. நலமான வாயில் குடியிருக்கும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் சாதுவானவை. உடல் கடுமையாக நோயுறும்போது வாயின் உள்தோலில் இருக்கும் ஃபைப்ரோனெக்டின் என்ற புரதம் அரிக்கப்பட்டுப் போகிறது. அது இருக்கும்வரை பழைய குடிகள் ஒட்டிக்கொண்டிருந்தன. அது போனதும் குடல், தண்ணீர்க் குழாய், கைகள் வழியாக வரும் சூடோமோனாஸ், கிளெப்சியெல்லா வகைகளுக்கு இடம் கிடைக்கிறது. நோயுற்றவரின் தொண்டையில் குடிகள் இப்படி மாறுவதை முதலில் தெளிவாகக் காட்டியவர் அமெரிக்க மருத்துவர் ஜோஹன்சன். 1969-லும் 1972-லும் பெரியவர்களிடம் செய்த ஆய்வுகள் அவருடையவை. தீவிர சிகிச்சையில் இருந்த 213 பேரில் 95 பேரின் மூச்சுப்பாதையில் இந்த வகைக் கிருமிகள் குடியேறியிருந்தன. குடியேறியவர்களில் 23 சதவீதம் பேருக்கு நுரையீரல் தொற்று வந்தது. குடியேறாதவர்களில் 3 சதவீதத்துக்குச் சற்று மேல்.

இந்த எண்களை இரண்டு பக்கமும் படிக்க வேண்டும். குடியேற்றம் ஆபத்தைக் கூட்டுகிறது, சந்தேகமில்லை. ஆனாலும் கிருமி குடியேறிய நான்கு பேரில் மூன்று பேருக்கு அது நோயாக மாறவில்லை. அரை நூற்றாண்டுக்கு முன்பே தெரிந்த இந்த இரண்டாவது பக்கத்தைத்தான் நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம்.

இறங்கிய பாக்டீரியாக்களுக்குப் பிளாஸ்டிக் குழாய் நல்ல தரை. குளத்துப் படிக்கட்டில் பாசி பிடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். முதலில் வழவழப்பு, பிறகு பச்சை, பிறகு கால் வைத்தால் வழுக்கும் கனமான படலம். குழாயின் உள்பக்கத்திலும் அதுதான் நடக்கிறது. சில மணி நேரத்தில் சளிப்புரதம் படிகிறது. அதன்மேல் பாக்டீரியாக்கள் ஒட்டுகின்றன. தம்மைச் சுற்றிப் பசையை உமிழ்ந்து அதற்குள் மறைந்துகொள்கின்றன. உயிர்ப்படலம் என்று இதைச் சொல்கிறார்கள். இதற்குள் இருக்கும் பாக்டீரியாவைக் கொல்ல, தனித்து மிதக்கும் பாக்டீரியாவுக்குத் தேவையானதைப்போல் நூறு மடங்கு, சில வேளை ஆயிரம் மடங்கு மருந்து வேண்டியிருக்கும். ரத்தத்தில் ஏற்றும் ஆன்டிபயாடிக் பிளாஸ்டிக்கின் உள்சுவரைச் சென்று சேர்வதும் அரிது; பிளாஸ்டிக்குக்கு ரத்த ஓட்டம் கிடையாது. ஆகவே முழு அளவு மருந்து கொடுத்து முடித்த பிறகும் அதே கிருமி அடுத்த மாதிரியில் மறுபடி வளரும். மருந்து வேலை செய்யவில்லை என்று அதற்குப் பொருள் கொள்ள வேண்டியதில்லை. மாதிரி எடுக்கும் குழல் அந்தப் படலத்தை உரசிக்கொண்டுதான் உள்ளே போகிறது, வெளியே வருகிறது.

தாள் சொல்வதும் சொல்லாததும்

இப்போது அந்த வாக்கியத்துக்குத் திரும்புவோம். பிள்ளைக்குக் காய்ச்சல். குழாய் வழியாகச் சளியை உறிஞ்சி எடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புகிறார்கள். முதலில் சாயமேற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார்கள்: சீழணுக்கள் (சீழில் காணப்படும் வெள்ளணுக்கள்) எத்தனை, பாக்டீரியா தெரிகிறதா. பிறகு தட்டில் வளர்ப்பார்கள். ஒன்றிரண்டு நாளில் பெயரும், எந்த மருந்துக்கு அடங்கும் என்ற பட்டியலும் வரும். அச்சடித்த தாளில் கிருமியின் பெயர் இருந்தால் அதற்கு ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. பட்டியலில் அடங்கும் என்று குறித்த மருந்து இருக்கிறது, பிள்ளைக்குக் காய்ச்சல் இருக்கிறது. இரண்டையும் முடிச்சுப் போடாமல் இருக்க மருத்துவருக்கு மிகுந்த மனத்துணிவு வேண்டும்.

ஆனால் குழாயிட்ட குழந்தைகளிடம் நாள்தோறும் மாதிரி எடுத்துப் பார்த்த ஆய்வில், நாள் ஏற ஏறப் பாக்டீரியாவும் ஏறியது, சீழணுவும் ஏறியது. நுரையீரலில் தொற்று இருந்தாலும் இல்லாவிட்டாலும். குழாய் என்ற அந்நியப் பொருளே மூச்சுக்குழலின் தோலைப் புண்ணாக்கிச் சீழணுக்களை வரவழைக்கும். ஆகவே ஏழாம் நாளில் "சீழணு நிறைய, சூடோமோனாஸ் நிறைய" என்று தாள் சொன்னால், குழாய் ஏழு நாளாக உள்ளே இருக்கிறது என்பதைத்தான் அது உறுதியாகச் சொல்கிறது.

எண்ணிக்கையை வைத்துப் பிரிக்கலாமே என்று கேட்கலாம். உறிஞ்சி எடுத்த சளியில் மில்லிலிட்டருக்கு ஒரு லட்சம், நுரையீரலைக் கழுவி எடுத்த நீரில் பத்தாயிரம் என்று எல்லைகள் வைத்திருக்கிறார்கள். அவை உதவுகின்றன, ஆனால் தீர்ப்புச் சொல்வதில்லை. நுரையீரலைக் கழுவி எடுக்க வழக்கமாகக் குழாய்க்குள் கேமரா வைத்த கருவியை நுழைப்பார்கள். 3.5 மி.மீ. குழாயில் அதை நுழைத்தால் காற்றுக்கு அதிக இடமிருக்காது.

எக்ஸ்ரேவும் இதே கதைதான். வென்டிலேட்டரில் இருக்கும் பிள்ளையின் படத்தில் வெள்ளைத் திட்டு தெரிவது வழக்கம். அது நிமோனியாவாக இருக்கலாம். சளி அடைத்து நுரையீரலின் ஒரு பகுதி சுருங்கியிருக்கலாம். இதயம் தளர்ந்து நீர் கோத்திருக்கலாம். நேற்றுப் புரட்டிப் படுக்க வைத்தது இன்று வேறு மாதிரி தெரியலாம். காய்ச்சலுக்கோ இன்னும் நூறு காரணங்கள். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் இந்தக் குழப்பத்தில் சலித்து, 2019 முதல் குழந்தைகளுக்கான கண்காணிப்பு வரையறை ஒன்றில் எக்ஸ்ரேவையே விட்டுவிட்டது. இரண்டு நாளாவது சீராக இருந்த பிள்ளைக்குத் திடீரெனக் கூடுதல் ஆக்சிஜனோ கூடுதல் அழுத்தமோ தேவைப்பட்டு, அந்தத் தேவை இரண்டு நாளாவது நீடிக்கிறதா என்பதை மட்டும் பார்க்கச் சொன்னது. படுக்கையருகில் முடிவெடுப்பதற்கான வரையறை இதுவல்ல, மருத்துவமனைகள் தங்களை அளந்துகொள்வதற்கானது. ஆனாலும் அதில் ஒரு விவேகம் இருக்கிறது: பிள்ளையின் மூச்சு எப்படி இருக்கிறது என்று முதலில் பார்.

இதற்கு நேர்மாறான சூழலும் உண்டு. அதையும் மறைக்கக் கூடாது. முதல் நாளில் எடுக்கும் மாதிரியின் பொருளே வேறு. லிவர்பூலில், ஆர்எஸ்வி என்ற வைரஸால் மூச்சுத் திணறி வென்டிலேட்டருக்கு வந்த 165 குழந்தைகளிடம் தொடக்கத்திலேயே சளி எடுத்துப் பார்த்தார்கள். பத்தில் நான்கு பேருக்கும் மேல் பாக்டீரியா வளர்ந்தது. அதில் ஏறக்குறைய பாதிப் பேரிடம் அது வைரஸோடு சேர்ந்து வந்த உண்மையான தொற்று என்று கருதும் அளவுக்கு இருந்தது. குழாய் அப்போதுதான் போயிருக்கிறது. படலம் பிடிக்க நேரமில்லை. அந்தப் பாக்டீரியா பிள்ளையோடு வந்தது. இங்கே மருந்தைத் தாமதித்தால் தவறாகலாம். ஒரே ஆய்வகம், ஒரே தாள், ஒரே கிருமி. முதல் நாளில் ஒரு பொருள், எட்டாம் நாளில் இன்னொரு பொருள்.

கொடுத்தால் என்ன?

சந்தேகமாக இருக்கிறதா, கொடுத்துவிடுவோமே, பிள்ளை உயிராயிற்றே. பெற்றோர் இப்படி நினைப்பது இயல்பு. மருத்துவரும் மனிதர்தான், அவரும் இப்படி நினைக்கிறார். இதற்கு விலை இல்லையென்றால் நானும் ஒப்புக்கொள்வேன்.

வலுவான ஆன்டிபயாடிக் ஒவ்வொன்றும் பிள்ளையின் குடலிலும் வாயிலும் இருக்கும் நல்ல பாக்டீரியாக்களை அழித்து இடத்தைக் காலிசெய்கிறது. காலி இடத்துக்கு வருவது அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்தது. முதலில் சூடோமோனாஸ் இருந்த குழாயில் இரண்டு வாரம் கழித்து அசினெட்டோபாக்டர் என்ற இன்னொரு பாக்டீரியா வருகிறது. இது உலர்ந்த பரப்பில் வாரக்கணக்கில் உயிரோடிருக்கும். கட்டில் கம்பியிலிருந்து கைக்கும், கையிலிருந்து அடுத்த பிள்ளையின் குழாய்க்கும் போகும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கண்காணிப்பு வலையமைப்பு சேகரிக்கும் மாதிரிகளில், அசினெட்டோபாக்டரில் பத்தில் எட்டுக்கும் மேல் கார்பபெனம் என்ற மிக வலுவான மருந்து வகைக்கே அடங்குவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2017-லும் 2024-லும் வெளியிட்ட அபாயகரமான பாக்டீரியாக்களின் பட்டியலில், கார்பபெனத்துக்கு அடங்காத இந்த வகையை உச்சப் பிரிவில் வைத்திருக்கிறது. இதற்கு எதிராக மிச்சமிருக்கும் மருந்துகளில் ஒன்று கொலிஸ்டின், சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது. அதைக் கோழிப் பண்ணைகளிலும் கொட்டிக்கொண்டிருந்தோம். இந்திய அரசு 2019-ல்தான் தடைசெய்தது. 2012-ல் சென்னையில் கூடிய மருத்துவ அமைப்புகள் சென்னைப் பிரகடனம் என்ற பெயரில் இந்த ஆபத்தை நாட்டுக்கு எடுத்துச் சொன்னதை நம் ஊர் பெருமையோடு நினைவில் வைக்கலாம்.

பக்கத்துக் கட்டிலில் இருக்கும் பிள்ளையும் இந்தக் கணக்கில் இருக்கிறது என்பதே எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒருவருக்குத் தேவையின்றிக் கொடுத்த மருந்தின் விலையை இன்னொருவர் கட்ட நேர்கிறது.

கொடுக்க வேண்டிய இடத்தில் கொடுக்கத்தான் வேண்டும். கொடுத்தாலும் எவ்வளவு நாள்? பிரான்சில் 51 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் 401 பெரியவர்களிடம் 8 நாள் சிகிச்சையையும் 15 நாள் சிகிச்சையையும் ஒப்பிட்டு 2003-ல் வெளியிட்டார்கள். இறப்பில் வித்தியாசம் இல்லை. சூடோமோனாஸ் போன்ற கிருமிகளில் மட்டும் குறுகிய சிகிச்சைக்குப் பின் தொற்று திரும்புவது கூடுதலாக இருந்தது. குழந்தைகளுக்கும் ஏறத்தாழ ஒரு வாரம் என்ற வழக்கம் இதிலிருந்து வளர்ந்தது.

இன்னொரு வழி, கேள்வியையே சரியாகக் கேட்பது. காய்ச்சல் என்றதும் எல்லா மாதிரியையும் எடுத்து அனுப்பும் பழக்கத்தை நிறுத்துவது. அமெரிக்காவில் 14 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகள் சேர்ந்து, எப்போது ரத்தக் கல்ச்சர் அனுப்ப வேண்டும், எப்போது வேண்டாம் என்று தெளிவான வழிமுறை வகுத்தன. 2022-ல் வெளிவந்த முடிவு: அனுப்பிய கல்ச்சர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தன, வலுவான ஆன்டிபயாடிக் பயன்பாடு 13 சதவீதம் குறைந்தது, பிள்ளைகளுக்குத் தீங்கு கூடவில்லை. அதே சிந்தனை குழாய்ச் சளிக்கும் பொருந்தும். சளியின் நிறம் மாறியது என்பதற்காக மட்டும் அனுப்பாதே. ஆக்சிஜன் தேவை கூடியதா, சளியின் அளவு கூடியதா, பிள்ளை சோர்ந்துவிட்டதா, அதைப் பார்த்து அனுப்பு.

வராமல் காப்பது

தடுப்பில் பளபளப்பான தீர்வுகள் எல்லாம் ஏமாற்றின. வெள்ளி பூசிய குழாய் வந்தது. பெரியவர்களிடம் 2008-ல் செய்த பெரிய ஆய்வில் நுரையீரல் தொற்றை 7.5 சதவீதத்திலிருந்து 4.8 சதவீதமாகக் குறைத்தது, இறப்பைக் குறைக்கவில்லை. குளோர்ஹெக்சிடின் மருந்தால் வாயைக் கழுவுவது உலகெங்கும் கட்டாயமானது. டெல்லி எய்ம்ஸ் மருத்துவர்கள் வென்டிலேட்டரில் இருந்த 86 குழந்தைகளிடம் அதைச் சோதித்து, பலன் இல்லை என்று 2012-லேயே எழுதினார்கள். பத்தாண்டு கழித்து அமெரிக்க வழிகாட்டி, பெரியவர்களுக்கு அதைப் பரிந்துரைக்க வேண்டாம் என்று சொன்னது. அதன் இடத்தில் அது சொன்னது என்ன தெரியுமா? பல் துலக்கும் பிரஷ்ஷால் பல் துலக்கிவிடுங்கள் என்று.

பலன் தருபவை இந்த மாதிரி எளிய, அலுப்பூட்டும் வேலைகள்தான். கட்டிலின் தலைப்பக்கத்தை 30 பாகை உயர்த்துவது. ஒவ்வொரு முறையும் கை கழுவுவது. வென்டிலேட்டர் குழாய்களில் தேங்கும் நீர் பிள்ளையின் பக்கம் வழிந்துவிடாமல் வடித்தெடுப்பது. பலூன் அழுத்தத்தை வேளாவேளைக்கு அளப்பது. எல்லாவற்றுக்கும் மேலாக, இன்று குழாயை எடுக்க முடியுமா என்று தினமும் காலையில் கேட்பது. பிரிட்டனில் 18 குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் மயக்க மருந்தைக் குறைத்து, மூச்சு விடும் திறனைத் தினமும் சோதிக்கும் முறையை நடைமுறைப்படுத்தியபோது, வென்டிலேட்டரில் இருக்கும் நேரம் சுமார் 6 மணி நேரம் குறைந்தது என்று 2021-ல் தெரிவித்தார்கள். ஆறு மணி நேரம் சிறிதாகத் தோன்றலாம். ஆறு மணி நேரம் எச்சில் இறங்கவில்லை என்று எண்ணிப் பாருங்கள்.

கழுத்தில் நிரந்தரக் குழாயோடு வீடு திரும்பும் பிள்ளைகளைப் பற்றி ஒரு சொல். அவர்கள் குழாயில் கிருமி எப்போதுமே இருக்கும். வளர்த்துப் பார்த்தால் ஏதாவது வளரும். அந்தத் தாய்மார்களுக்கு ஒரு தேர்ச்சி வந்துவிடுகிறது. வழக்கமான சளி எது, வழக்கமில்லாதது எது, பிள்ளை விளையாடுகிறதா, பாலைத் தள்ளுகிறதா, இரவில் எத்தனை முறை உறிஞ்ச வேண்டியிருந்தது என்று விரல்நுனியில் வைத்திருப்பார்கள். இந்த விவரங்கள் ஆய்வகத் தாளைவிட மதிப்புள்ளவை. மருத்துவர் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

வாசலில் காத்திருக்கும் பெற்றோரும் கேட்கலாம். கேட்பது மரியாதைக் குறைவல்ல. "டாக்டர், கிருமி குழாயில் மட்டும் இருக்கிறதா, நுரையீரலைத் தாக்கியிருக்கிறதா? நேற்றைவிட ஆக்சிஜன் கூட்டியிருக்கிறீர்களா? மருந்தை எத்தனை நாளில் நிறுத்துவீர்கள்? குழாயை எப்போது எடுக்கலாம்?" பல வேளைகளில் கிடைக்கும் பதில் இப்படி இருக்கும்: ஆக்சிஜன் கூட்டவில்லை, எக்ஸ்ரே நேற்றைப் போலவே இருக்கிறது, கவனித்துக்கொண்டிருக்கிறோம், நாளை காலை குழாயை எடுத்துப் பார்க்கப்போகிறோம்.

நாளை காலை எடுக்கிறார்கள். படலம் படிந்த குழாய் குப்பைக்குப் போகிறது. குரல்நாண்கள் மூடத் தொடங்குகின்றன, நுண்ணிழைகளின் பாதை திறக்கிறது. முதல் இருமல் கரகரப்பாக வருகிறது. அதோடு கட்டிச் சளியும் வருகிறது. அடைத்த குரலில், சத்தமே வெளியே வராமல், பிள்ளை அம்மாவைக் கூப்பிட்டு அழுகிறது.